லீனாக்கில் கற்றை சிதறாமல் போவது எப்படி? (குவிப்பு முறைகள் பற்றி ஒரு சந்தேகம்)

#1 கார்த்தி_இயற்பியல்

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அடுத்த வாரம் ஆல்வரெஸ் வகை லீனாக் (துகள்களை நேர்கோட்டில் முடுக்கும் கருவி; வரிசையாக நிற்கும் உலோகக் குழாய்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் மின்புலம் புரோட்டான் கற்றையைத் தள்ளும்) பற்றி செமினார் எடுக்க வேண்டும். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இரண்டு குழாய்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மின்புலக் கோடுகளை வரைந்து பார்த்தேன். முதல் பாதியில் கோடுகள் அச்சை நோக்கி வளைகின்றன, இரண்டாம் பாதியில் வெளிப்பக்கம் வளைகின்றன. புரோட்டான் போகப் போக வேகம் கூடுவதால் இரண்டாம் பாதியில் குறைந்த நேரமே இருக்கும். அப்படியென்றால் உள்ளே தள்ளுவது அதிகம், வெளியே தள்ளுவது குறைவு. மொத்தத்தில் கற்றை தானாகவே குவிய வேண்டும் அல்லவா? பிறகு ஏன் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கற்றையைக் குவிக்க நால்முனைக் காந்தத்தை (நான்கு துருவம் கொண்டது) திணிக்கிறார்கள்? பேராசிரியரிடம் கேட்டேன். "புலம் மாறும்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார்.

#2 சும்மா_வந்தேன்

பேராசிரியர் சொன்னது சரிதான். ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்கு இருபது பக்கம் விளக்கம் தேவைப்படும். பெரியவர் வரட்டும்.

#3 பழைய_ஆய்வகம்

வந்துவிட்டேன். தம்பி, புலம் மாறாமல் நின்றால் உங்கள் கணக்கு சரி. பழைய டிவி பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றையைக் குவித்தது அந்த வழியில்தான். லீனாக்கில் இருப்பது ரேடியோ அலை. புரோட்டான் இடைவெளியைக் கடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் புலம் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்.

ஏறும்போது விடுவதா, இறங்கும்போது விடுவதா? ஏறும்போதுதான் விட வேண்டும். கொத்தாகப் போகும் புரோட்டான்களில் ஒன்று பின்தங்கினால் அது இடைவெளிக்குத் தாமதமாக வரும். அதற்குள் புலம் இன்னும் ஏறியிருக்கும், கூடுதல் உந்துதல் கிடைத்து மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும். முந்திக்கொண்டு வருவதற்கு உந்துதல் குறையும். 1944-இல் வெக்ஸ்லரும் 1945-இல் மெக்மில்லனும் தனித்தனியாகக் கண்ட ஃபேஸ் நிலைத்தன்மை இதுதான். இது இல்லாவிட்டால் கொத்து நீளவாக்கில் கலைந்துபோகும்.

இப்போது உங்கள் படத்துக்கு வாருங்கள். புலம் ஏறிக்கொண்டிருக்கிறது. முதல் பாதியில் உள்ளே தள்ளும்போது புலம் சிறியது, இரண்டாம் பாதியில் வெளியே தள்ளும்போது பெரியது. வேகம் கூடியதால் கிடைத்த சின்ன லாபத்தை இது விழுங்கிவிடும். நீளவாக்கில் கட்டிப்போட எதைச் செய்தீர்களோ, அதுவே பக்கவாட்டில் சிதறடிக்கிறது.

இது தற்செயல் இல்லை. மின்னூட்டமே இல்லாத வெற்றிடத்தில் மூன்று திசைகளிலும் ஒரே நேரத்தில் உள்நோக்கித் தள்ளும் மின்புலம் இருக்க முடியாது என்று 1842-லேயே எர்ன்ஷா சொல்லிவிட்டார். சப்பாத்தி மாவு உருண்டையை மேலும் கீழும் அழுத்தினால் பக்கத்தில் பிதுங்குமே, அதே கதை.

1947-இல் பெர்க்லியில் ஆல்வரெஸ் குழு 32 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு, இனி எம்இவி என்று எழுதுகிறேன்) புரோட்டான் லீனாக்கை ஓட்டியது. நீளம் சுமார் 12 மீட்டர், அதிர்வெண் 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. பிதுங்கலைத் தடுக்க முதலில் குழாய் வாய்களில் மெல்லிய பெரிலியத் தகட்டை ஒட்டினார்கள். வெளியே தள்ளும் பாதிக் கோடுகள் தகட்டிலேயே முடிந்துவிடும். கற்றை இப்போது மின்னூட்டம் உட்கார்ந்திருக்கும் பொருளுக்குள் புகுந்து போகிறது, அதனால் எர்ன்ஷாவின் தடை இங்கே செல்லாது. ஆனால் தீப்பொறி பட்டு தகடுகள் வீணாயின. பிறகு கம்பி வலை வைத்தார்கள். வலை நின்று பிடித்தது, ஆனால் கற்றையைத் தின்றது. ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு வலையும் நூற்றுக்கு 98 புரோட்டானை விடுகிறது என்று வையுங்கள். 40 வலை தாண்டினால் மிச்சம் சுமார் 45. பாதிக்கு மேல் போச்சு.

#4 கார்த்தி_இயற்பியல்

ஐயா, ரொம்ப நன்றி. "புலம் மாறும்பா" இப்போது புரிகிறது. அடுத்த சந்தேகம். நால்முனைக் காந்தமும் ஒரு பக்கம் குவித்தால் மறுபக்கம் விரிக்கிறது. அடுத்த காந்தம் அதைத் திருப்பிச் செய்கிறது. கூட்டிக் கழித்தால் பூஜ்ஜியம்தானே?

#5 ரம்யா_ரேடியோதெரபி

இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. தீர்ந்தது எங்கள் வீட்டு மொட்டை மாடியில்.

என் கண்ணாடி மைனஸ் 2. அம்மாவின் படிக்கும் கண்ணாடி பிளஸ் 2. இரண்டையும் ஒட்டிப் பிடித்தால் ஒன்றுமில்லை, வெறும் கண்ணாடித் துண்டு மாதிரி. 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். தெருக்கோடி விளக்கின் ஒளி முதலில் அம்மா கண்ணாடி வழியே வந்தால், என் கண்ணாடிக்குப் பின்னால் முக்கால் மீட்டரில் விளக்கின் பிம்பம் சுவரில் விழும். வரிசையை மாற்றி என் கண்ணாடியை முன்னால் பிடித்தால்? கணக்குப்படி அம்மா கண்ணாடியிலிருந்து 175 சென்டிமீட்டர். மங்கலாகத்தான் விழுந்தது, ஆனால் விழுந்தது! எந்த வரிசையில் வைத்தாலும் குவிகிறது.

காரணம் எளிது. லென்ஸின் விளிம்புப் பக்கமாகப் போகும் கதிர்தான் அதிகமாக வளையும். குவிலென்ஸ் முதலில் இருந்தால், விரிலென்ஸுக்கு வரும்போது கதிர் அச்சுக்கு அருகில் வந்திருக்கும், அதனால் குறைவாக விரியும். விரிலென்ஸ் முதலில் இருந்தால், குவிலென்ஸுக்கு வரும்போது கதிர் தள்ளிப் போயிருக்கும், அதனால் அதிகமாகக் குவியும். நால்முனைக் காந்தத்தின் விசையும் அச்சிலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்பத்தான் கூடுகிறது. எனவே கற்றையின் கிடைவாக்கு அசைவு ஒரு வரிசையையும், நிமிர்வாக்கு அசைவு எதிர் வரிசையையும் பார்க்கிறது. இரண்டுக்கும் லாபம்.

செமினாரில் சமன்பாடு போடுவதற்கு முன் இதைச் செய்து காட்டுங்கள்.

#6 சும்மா_வந்தேன்

அம்மா கண்ணாடி திரும்பக் கிடைத்ததா?

#7 ரம்யா_ரேடியோதெரபி

கிடைத்தது, திட்டோடு.

#8 பழைய_ஆய்வகம்

ரம்யா சொன்ன விஷயத்தை முதலில் கண்டவர் பல்கலைக்கழக ஆசாமி இல்லை. நிக்கோலஸ் கிறிஸ்டோஃபிலோஸ், ஏதென்ஸில் லிஃப்ட் வேலை பார்த்த பொறியாளர். ஓய்வு நேரத்தில் முடுக்கி இயற்பியலைத் தானாகப் படித்தவர். மாறி மாறிக் குவிக்கும் யோசனைக்கு 1950-இல் காப்புரிமை விண்ணப்பம் போட்டார், பெர்க்லிக்கும் அனுப்பினார். யாரும் சட்டை செய்யவில்லை. 1952-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கூரண்ட், லிவிங்ஸ்டன், ஸ்னைடர் மூவரும் அதையே சுயமாகக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கிறிஸ்டோஃபிலோஸ் அமெரிக்கா வந்து அதைப் பார்த்துவிட்டு, "இது என்னுடையது" என்று போய் நின்றார். உரிமையை ஒப்புக்கொண்டு வேலையும் கொடுத்தார்கள். அதே 1952-இல் ஜான் பிளூவெட், இந்த யோசனை லீனாக்குக்கும் பொருந்தும், வலையைத் தூக்கிப் போடலாம் என்று எழுதினார். அதிலிருந்துதான் ஆல்வரெஸ் குழாய்க்குள் காந்தம் குடியேறியது.

#9 ஆர்எஃப்_முருகன்

குடியேறியது, ஆனால் இடம் போதவில்லை. அதை யாரும் சொல்லவில்லை பாருங்கள்.

அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே உள்ள தூரம் என்பது ஓர் அலைக்காலத்தில் துகள் ஓடும் தூரம். 200 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒன்றரை மீட்டர். 750 கிலோ எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானின் வேகம் ஒளிவேகத்தில் 4 சதவீதம். பெருக்கினால் 6 சென்டிமீட்டர். இடைவெளி போக, குழாய் 4 சென்டிமீட்டரை ஒட்டி மிஞ்சும். அதற்குள் காந்தம், சுருள், குளிர்நீர்க் குழாய் எல்லாம் அடங்க வேண்டும். அயனி மூலத்திலிருந்து வரும் 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலேயே தொடங்கினால் மொத்தமே ஒன்றரை சென்டிமீட்டர். காந்தத்தை விடுங்கள், ஒரு போல்ட் கூட வைக்க முடியாது.

இன்னொரு தொல்லை. காந்த விசை வேகத்தைப் பொறுத்தது. ஒளிவேகத்தை ஒட்டிப் போகும் துகளுக்கு 1 டெஸ்லா காந்தப்புலம் என்பது மீட்டருக்கு 300 மெகாவோல்ட் மின்புலத்துக்குச் சமம். 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் நொடிக்கு 3,100 கிலோமீட்டர்தான் போகிறது. அதற்கு அதே 1 டெஸ்லா, மீட்டருக்கு வெறும் 3 மெகாவோல்ட். மெதுவாகப் போகிறவனைக் காந்தம் கண்டுகொள்ளாது.

இதனால்தான் பழைய புரோட்டான் லீனாக் பலவற்றுக்கு முன்னால் காக்ராஃப்ட்-வால்டன் வைத்தார்கள். ஒரு பெரிய ஹால் முழுக்க நிற்கும் உயரழுத்த ஏணி. அதை வீட்டுக்கு அனுப்பியது ஆர்எஃப்க்யூ, அதாவது ரேடியோ அலையில் இயங்கும் நால்முனை. சோவியத் ஒன்றியத்தில் கப்சின்ஸ்கியும் டெப்லியகோவும் 1970-ஐ ஒட்டி முன்வைத்தது. 1980-இல் லாஸ் அலமோஸில் 1.1 மீட்டர் நீளத்தில் ஒன்று செய்து 100-லிருந்து 640 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏற்றிக் காட்டினார்கள். அதன் பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

நான்கு செம்புத் தகடுகள், முனைகள் கிட்டத்தட்ட மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில். எதிரெதிர்த் தகடுகள் ஒரே துருவம், பக்கத்துத் தகடுகள் எதிர்த் துருவம். அலை மாற மாறத் துருவம் மாறும். துகள் போகும் வழியில் காந்தங்களை மாறி மாறி அடுக்க வேண்டிய அவசியமே இல்லை. துகள் நகர்வதற்குள் புலமே தலைகீழாகிவிடுகிறது. குவிப்பது மின்விசை என்பதால் துகள் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை. தகட்டு முனையை அலையலையாகச் செதுக்கிவிட்டால் அச்சு வழியே ஒரு சின்னப் புலமும் பிறக்கிறது. அதுதான் கொத்தாகச் சேர்ப்பதும் முன்னால் தள்ளுவதும். கொத்து சேர்ப்பதை அவசரமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதால், உள்ளே வந்ததில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும்.

நான் ஒரு பட்டறையில் இந்தத் தகடு வேலையில் இருந்திருக்கிறேன். மண் ஓட்டுக் கூரையின் விளிம்பைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறி இறங்குமே, முனை அப்படி இருக்கும். ஆனால் அந்த ஏற்ற இறக்கம் மில்லிமீட்டர் கணக்கு, துல்லியமோ மைக்ரான் கணக்கு. பத்து நாள் மில்லிங் செய்து, அளந்து பார்த்து எல்லாம் சரி என்று கைகுலுக்கிவிட்டு, பிரேசிங் உலைக்குள் விட்டோம். வெளியே எடுத்தால் ஒரு தகடு ஒரு தலைமுடி அளவு நகர்ந்திருந்தது. தலைமுடி என்றால் உண்மையிலேயே தலைமுடி தடிமன்தான். அதிர்வெண் போய்விட்டது. ட்யூனர் உருளைகளைத் திரும்பக் கடைந்து, உள்ளே வெளியே தள்ளி, ஒரு மாதம் போராடி இழுத்துப் பிடித்தோம். அன்றிலிருந்து உலைக் கதவு திறக்கும்போது நான் பக்கத்தில் நிற்பதில்லை.

#10 கார்த்தி_இயற்பியல்

அண்ணா, இது அயனிகளைப் பிடித்து வைக்கும் பால் ட்ராப் (Paul trap) மாதிரியே இருக்கிறதே?

#11 ஆர்எஃப்_முருகன்

அதேதான். வுல்ஃப்காங் பால் குதிரைச் சேணம் மாதிரி ஒரு தட்டைச் சுழற்றி, அதன் மேல் உருண்டை விழாமல் நிற்பதைக் காட்டுவார். சேணம் நின்றால் உருண்டை விழுந்துவிடும், சரியான வேகத்தில் சுழன்றால் நிற்கும். ஆர்எஃப்க்யூ அந்தச் சேணத்தை நீளமாக இழுத்த மாதிரி.

#12 வடமராட்சி_வாத்தி

எல்லாரும் புரோட்டானையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இலத்திரன் பக்கம் கொஞ்சம் வாங்கோ. (நீங்கள் எலக்ட்ரான் என்பீர்கள், பரவாயில்லை.)

இலத்திரன் ஒரு சில எம்இவி ஏறினதுமே ஒளிவேகத்தை ஒட்டிவிடும். அதற்குப் பிறகு அலையின் மின்புலம் வெளியே தள்ளுவதை அதே அலையின் காந்தப்புலம் அநேகமாக முழுதாக ரத்துச் செய்துவிடும். பழைய_ஆய்வகம் ஐயா சொன்ன பிதுங்கல் பிரச்சினை இங்கே மறைந்துபோகிறது. 1966-இல் ஓடத் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டின் ஸ்லாக் இலத்திரன் லீனாக் 3 கிலோமீட்டர் நீளம். அதை ஏறத்தாழ 100 மீட்டர்ப் பகுதிகள் முப்பதாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மட்டும் நால்முனைக் காந்தங்களை வைத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. 20,000 எம்இவி வரை சீராக ஏறும் இலத்திரனின் கண்ணால் பார்த்தால் அந்த 3 கிலோமீட்டர் எவ்வளவு தெரியுமா? சார்பியல் சுருக்கத்தைத் தொகையிட்டுப் பாருங்கள். ஒரு மீட்டருக்கும் குறைவு. ஒரு மீட்டர் போவதற்குள் கற்றை எவ்வளவுதான் விரியும்?

#13 பழைய_ஆய்வகம்

வாத்தியார் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஸ்லாக் ஓடத் தொடங்கிய அதே ஆண்டில், மின்னோட்டத்தைக் கூட்டியபோது கற்றையின் வால்பகுதி பக்கவாட்டில் ஆடி ஆடிச் சுவரில் மோதியது. பீம் பிரேக்-அப் என்பார்கள். முன்னால் போகும் இலத்திரன் அச்சிலிருந்து சற்று விலகிப் போனால் அது குழிவில் (அலை இருக்கும் உலோக அறையில்) விட்டுச் செல்லும் புலம் பின்னால் வருவதை உதைக்கும். அந்த உதை குழிவுக்குக் குழிவு கூடிக்கொண்டே போகும். கூடுதல் குவிப்பு தேவைப்பட்டது. ஒரு மீட்டர் என்பது கணக்கில் அழகு. உதைக்கும் புலத்துக்கு அது தெரியாது.

#14 வடமராட்சி_வாத்தி

சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். அதற்குத் தலைக்கும் வாலுக்கும் சக்தியைச் சற்று வித்தியாசமாக வைத்து, இரண்டும் ஒரே தாளத்தில் ஆடாமல் செய்யும் வைத்தியமும் பிறகு வந்ததுதானே. அதுவும் குவிப்பை நம்பித்தான் இருக்கிறது.

#15 ரம்யா_ரேடியோதெரபி

எங்கள் ஆஸ்பத்திரி லீனாக் பற்றியும் ஒரு வரி. சிகிச்சைக் கருவியில் நீளம் அதிகம் போனால் ஒன்றிரண்டு மீட்டர். நால்முனைக்கு வேலை இல்லை. நிலையலை வகைகளில் பெரும்பாலும் அலையே பார்த்துக்கொள்ளும். ஓடும் அலை வகையில் குழாயைச் சுற்றி சோலனாய்டு சுருள் இருக்கும். சோலனாய்டு கற்றையைச் சுழற்றியபடியே எல்லாப் பக்கமும் ஒன்றாகக் குவிக்கும், அது வசதி. ஆனால் அதன் பலம் புலத்தை உந்தத்தால் வகுத்து வருவதன் வர்க்கத்தைப் பொறுத்தது. உந்தம் பத்து மடங்கானால் பலம் நூறில் ஒரு பங்கு. அதனால் தொடக்கத்தில்தான் அது ராஜா.

ஒருமுறை எங்கள் கருவி காலையில் சரியாகவும், மதியத்துக்கு மேல் டோஸ் வீதம் இறங்கியும் தொல்லை கொடுத்தது. மூன்று நாள் எலக்ட்ரான் துப்பாக்கி, மேக்னட்ரான் (அலையை உண்டாக்கும் கருவி) என்று தேடினோம். கடைசியில் பார்த்தால் குளிர்நீர் வடிகட்டியில் சுண்ணாம்பு அடைத்து, சுருள் சூடேறி, மின்னோட்டம் நழுவியிருந்தது. கற்றை இலக்கில் குவியாமல் சுவரில் கரைந்திருக்கிறது. வடிகட்டி விலை ஒரு நாள் கேன்டீன் செலவு. நோயாளிகளுக்கு மூன்று நாள் தள்ளிப்போனது. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

#16 குவி_குவி

புதியவன். எனக்கு ஒன்று புரியவில்லை. குவிப்பு நல்லது என்றால் எல்லாக் காந்தத்தையும் முழுப் பலத்தில் வைத்துவிட்டுப் போகலாமே?

#17 பழைய_ஆய்வகம்

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

முதலில், மாறி மாறிக் குவிக்கும்போது கற்றை ஊசலாடுகிறது. ஒரு காந்தச் சுற்றுக்கு அந்த ஊசல் எத்தனை டிகிரி நகர்கிறது என்பதைப் பார்ப்பார்கள். 180 டிகிரியைத் தொட்டால் தனித் துகளே நிலைகுலைந்து வெளியேறும். அடர்த்தியான கற்றையில் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் 90 டிகிரியைத் தாண்டினாலே கற்றை முழுதும் வீங்கிச் சுருங்கத் தொடங்கிவிடும். எனவே 90-க்குக் கீழே என்பது வடிவமைப்பாளர்களின் எழுதாத சட்டம்.

இரண்டாவது, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உள்ள எஸ்என்எஸ் என்ற நியூட்ரான் ஆய்வு மையத்தின் கதை. எதிர்மின் ஹைட்ரஜன் அயனியை 1,000 எம்இவி வரை கொண்டுபோக முதலில் வடிவமைத்த மீக்கடத்தி லீனாக். இப்படிப்பட்ட இயந்திரத்தில் மீட்டருக்கு 1 வாட்டுக்கு மேல் கற்றை சுவரில் விழக்கூடாது என்பது பொதுவான கோடு. தாண்டினால் சுரங்கமே கதிரியக்கமாகி, ஸ்பானரோடு உள்ளே போக முடியாது. ஓடத் தொடங்கியபோது யாரும் எதிர்பார்க்காத இழப்பு இருந்தது. கற்றைக் குழாயோ நல்ல அகலம், இடிக்க வாய்ப்பில்லை. இழப்பைக் குறைக்க இயக்குநர்கள் நால்முனைகளைத் திருகித் திருகிப் பார்த்தபோது ஒரு விநோதம். குவிப்பைக் குறைக்கக் குறைக்க இழப்பு இறங்கியது! பாடப்புத்தகம் படித்தவன் கூட்டத்தான் பார்ப்பான்.

ஃபெர்மிலாபின் வலேரி லெபெதேவ் காரணம் சொன்னார். அந்த அயனியில் இரண்டு எலக்ட்ரான். இரண்டாவது வெறும் 0.75 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஊதினால் விழும். கற்றையை இறுக்கினால் அயனிகள் ஒன்றோடொன்று உரசுவது அதிகமாகி அது உதிர்கிறது. எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனுக்கு மின்னூட்டம் இல்லை, எந்தக் காந்தமும் அதைத் திருப்பாது, நேராகப் போய்ச் சுவரில் அடிக்கும். சோதிக்க, வழியில் ஒரு மெல்லிய படலத்தை வைத்து அயனிகளைப் புரோட்டானாக மாற்றி அதே லீனாக்கில் ஓட்டினார்கள். உதிர எலக்ட்ரானே இல்லாத புரோட்டானில் இழப்பு பெருமளவு குறைந்தது. 2012-இல் அந்த முடிவு வெளியானது.

#18 குவி_குவி

அப்போ இறுக்கினால் உதிரும், தளர்த்தினால் விரியும்.

#19 ஆர்எஃப்_முருகன்

அதனால்தான் கட்டுப்பாட்டு அறையில் அந்தக் குமிழுக்கு அவ்வளவு கூட்டம். எல்லா இடத்திலும் குமிழே இருக்காது என்பதும் உண்டு. செர்னின் லினாக்4, எஸ்என்எஸ், நம் டிராம்பேயின் லெஹிபா, இவற்றின் குழாய்களுக்குள் நிலைக்காந்த நால்முனைகள். மின்சாரம் வேண்டாம், குளிர்நீர் வேண்டாம், ஆனால் செய்து மூடிவிட்டால் மூடியதுதான். ஜப்பானின் ஜே-பார்க் அதற்கு ஒப்பவில்லை. சின்னக் குழாய்க்குள் மின்காந்தத்தையே அடக்கினார்கள், மாற்றும் வசதிக்காக. எனக்கு ஜப்பான்காரர்கள் கட்சிதான். பிழைத்திருத்தமே முடியாத பொருளைச் செம்புக்குள் புதைப்பது என் குணத்துக்கு ஒத்துவராது.

#20 வடமராட்சி_வாத்தி

காந்தமே வேண்டாம் என்கிற கட்சியும் உண்டு. ஒரு இடைவெளியில் புலம் ஏறும்போது விடு, அடுத்ததில் இறங்கும்போது விடு. ஒன்றில் நீளவாக்கில் குவிந்து பக்கத்தில் விரியும், மற்றதில் தலைகீழ். மாறி மாறி நடந்தால் ரம்யாவின் கண்ணாடிக் கணக்கே இங்கும் வேலை செய்யும். 1950-களிலேயே வந்த யோசனை. ஜப்பானில் குன்மா பல்கலைக்கழகத்தின் கார்பன் அயனிப் புற்றுநோய் மையத்தில் உள்செலுத்தும் லீனாக் இந்த வகைதான். சிறியது, குழாய்க்குள் காந்தம் இல்லை.

#21 பழைய_ஆய்வகம்

சிகிச்சைக்குத் தேவைப்படும் சின்ன மின்னோட்டத்துக்குச் சரி. எஸ்என்எஸ் மாதிரி இடத்தில் இதை வைத்தால் தாங்காது, ஏனென்றால் குவிப்பும் முடுக்கமும் ஒரே குமிழில் மாட்டிக்கொள்கின்றன.

#22 கார்த்தி_இயற்பியல்

செமினார் முடிந்தது! விடுதி நண்பர்கள் இருவரின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனேன். மைனஸ் 2 சுலபமாகக் கிடைத்தது. பிளஸ் 2-க்கு நூலகர் உதவினார். முதல் வரிசையில் பிம்பம் கச்சிதமாக விழுந்தது. மாற்றிப் பிடித்தபோது 175 சென்டிமீட்டர் தள்ளிப் போக மேடையில் இடம் போதாமல் கதவுக்கு வெளியே ஒருவன் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கேயும் விழுந்தது.

பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கிடைவாக்கில் ஒன்று, நிமிர்வாக்கில் ஒன்று, சரி. 45 டிகிரியில் சாய்வாக நிற்கும் புரோட்டானை நால்முனை என்ன செய்யும்?" முழித்தேன்.

#23 ஆர்எஃப்_முருகன்

கிடைப்பக்கம் உள்ளே, நிமிர்பக்கம் வெளியே, இரண்டும் சம அளவு. கூட்டினால் விசை அச்சை நோக்கியும் இல்லை, அச்சை விட்டும் இல்லை, வட்டத்தின் ஓரமாகப் பக்கவாட்டில் தள்ளும். ஒரு தாளில் நாலு அம்பு போட்டுப் பாருங்கள்.

#24 கார்த்தி_இயற்பியல்

போட்டேன். நாளைக்கு அவர் அறைக் கதவுக்கு அடியில் சொருகிவிட்டு வருகிறேன்.